விசுவாசிக்கிறவன் பதறான்: தேவ நடத்துதலுக்குக் காத்திருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில், ஒருவர் மட்டும் தயங்கி நின்று கேட்கிற கேள்விகள் இவை. வேலை, திருமணம், ஊழியம், வீடு மாறுவது என்று விஷயம்தான் மாறும். உள்ளே இருக்கிற தவிப்பு ஒன்றுதான். முடிந்தவரை வேதத்திலிருந்தே பதில் எழுதியிருக்கிறேன். என் சொந்தக் கருத்து வரும் இடம் உங்களுக்கே தெரியும். அதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருக்குக் காத்திருப்பது என்றால் என்ன?

சங்கீதம் 27:14, 40:1, ஏசாயா 40:31 ஆகிய மூன்று இடங்களிலும் "காத்திரு" என்பதற்கு எபிரெயத்தில் ஒரே வினைச்சொல்தான்: கவா. அதோடு சேர்ந்த பெயர்ச்சொல் திக்வா. அதற்கு நம்பிக்கை என்று பொருள். ஆனால் அதே திக்வா யோசுவா 2:18இல் கயிறு என்ற பொருளில் வருகிறது. எரிகோவில் ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல்கயிறுதான் அது.

ராகாபின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய இஸ்ரவேல் வேவுகாரர், உன்னைக் காப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எப்போது திரும்பி வருவார்கள் என்று தெரியாது. அவளிடம் இருப்பது ஒரு வார்த்தையும் ஒரு கயிறும். அவள் கயிற்றைக் கட்டினாள், குடும்பத்தாரை வீட்டுக்குள் சேர்த்தாள், அப்புறம் பொறுத்திருந்தாள். செய்யச் சொன்னதைச் செய்துவிட்டு, மீதியைச் சொன்னவரிடம் விட்டுவிடுவது என்று நான் காத்திருத்தலைப் புரிந்துகொண்டது இந்தக் காட்சியிலிருந்துதான்.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேள்வியிலேயே கொஞ்சம் கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். காத்திருத்தலை நாள்கணக்கில் அளக்க முடியாது.

சவுலை எடுத்துக்கொள்வோம் (1 சாமுவேல் 13). தாம் வந்து பலி செலுத்தும்வரை கில்காலில் 7 நாள் காத்திருக்கும்படி தீர்க்கதரிசி சாமுவேல் சொல்லியிருந்தார். சவுல் காத்திருந்தான். 7 நாளும் இருந்தான், அதை மறுக்க முடியாது. எதிரே பெலிஸ்தரின் பெரும்படை. இவனுடைய ஆட்களோ குகைகளிலும் முட்காடுகளிலும் ஒளிந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 600 பேர். சாமுவேல் வரவில்லை. சவுல் தானே பலியைச் செலுத்தினான். செலுத்தி முடித்த அதே நேரத்தில் சாமுவேல் வந்து நின்றார். வாசிக்கிற நமக்கே 'ஐயோ, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா' என்று தோன்றும்.

இப்போது தாவீது (1 சாமுவேல் 30). சிக்லாகுக்குத் திரும்பி வருகிறான். ஊர் எரிந்து கிடக்கிறது, மனைவி மக்களைச் சிறைபிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கூட இருப்பவர்கள் அவனையே கல்லெறியலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நிமிடமும் எதிரி தூரம் போய்க்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் தாவீது, தேவனிடம் விசாரிக்க ஆசாரியனின் அங்கியான ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி, "பின்தொடரவேண்டுமா?" என்று கேட்கிறான். பதில் வந்ததும் புறப்பட்டான். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மிகக் கொஞ்சம்தான்.

7 நாள் காத்திருந்தவன் காத்திருக்காதவன் ஆனான். சற்று நேரம் நின்றவன் காத்திருந்தவன் ஆனான். வித்தியாசம் பதற்றத்தில் இருக்கிறது. ஏசாயா 28:16 இரண்டே சொல்லில் முடிக்கிறதே, "விசுவாசிக்கிறவன் பதறான்" என்று, அதில் 'பதறான்' என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். சவுல் காத்திருந்த நாட்கள் எல்லாம் பதறிக்கொண்டே இருந்த நாட்கள்.

அப்படியானால் ஜெபித்துவிட்டு உடனே முடிவெடுக்கலாமா?

எடுக்கலாம், உடனே எடுக்க வேண்டிய விஷயமாக இருந்தால். நெகேமியாவிடம் இரண்டையும் பார்க்கலாம். எருசலேமின் இடிந்த மதிலைப் பற்றிக் கேள்விப்பட்டது கிஸ்லேயு மாதத்தில். தான் பணிசெய்த பெர்சிய ராஜாவிடம் பேசியது நிசான் மாதத்தில். நடுவே ஏறக்குறைய 4 மாதம் உபவாசமும் ஜெபமும். ஆனால் ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று கேட்ட நொடியில், பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி உடனே பதில் சொல்லிவிட்டார் (2:4-5). அந்த ஜெபத்துக்கு ஒரு மூச்சுக்குமேல் நேரம் கிடைத்திருக்காது. அதற்குப் பின்னால் 4 மாத ஜெபம் இருந்ததால்தான் ஒரு மூச்சு போதுமானதாக இருந்தது.

அந்த 4 மாதத்தில் அவர் வெறுமனே இருக்கவுமில்லை. எவ்வளவு காலம் ஆகும், யாருக்கெல்லாம் கடிதம் வேண்டும், மரம் யாரிடம் வாங்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ராஜா கேட்டபோது அவரிடம் பதில் தயாராக இருந்தது. வனக்காவலாளனான ஆசாபின் பெயர்கூடத் தெரிந்திருந்தது.

காத்திருக்கும்போது முயற்சி எடுப்பது விசுவாசக் குறைவா?

இல்லை. யோசேப்பு சிறையில் இருந்தபோது பானபாத்திரக்காரனிடம், என்னை நினைத்து பார்வோனிடம் சொல்லு என்று கேட்டுக்கொண்டார் (ஆதியாகமம் 40:14). இதை விசுவாசக் குறைவு என்று பிரசங்கிப்பதைக் கேட்டிருக்கிறேன். வேதம் அப்படிச் சொல்லவில்லை. அவன் மறந்துபோனான், 2 வருடம் கழிந்தது. கடைசியில் அதே பானபாத்திரக்காரனின் ஞாபகத்தின் வழியாகத்தான் கதவு திறந்தது. 17 வயதில் ஆரம்பித்த கதை, பார்வோன் முன் நின்றபோது 30 வயது.

விண்ணப்பம் போடுங்கள், நாலு பேரைக் கேளுங்கள், படியுங்கள். ஆபிரகாமும் சாராளும் ஆகாரின் விஷயத்தில் செய்தது வேறு வகை. கானானில் 10 வருடம் குடியிருந்தபின், தேவன் செய்வேன் என்று சொன்னதை நாமே வேறு வழியில் செய்துவிடுவோம் என்று இறங்கினார்கள். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் இருந்த 14 வருடத்தில் அந்தக் குடும்பம் பட்ட பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

நான் உண்மையாகவே காத்திருக்கிறேனா, அல்லது ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டேனா? எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. ரொம்பப் பேர் கேட்பதில்லை.

எரேமியா 42ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். எருசலேம் விழுந்தபின் மிஞ்சியிருந்த ஜனங்கள் எரேமியாவிடம் வந்து, நாங்கள் போகவேண்டிய வழியைக் கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். எவ்வளவு அழகான ஜெப விண்ணப்பம்! எரேமியா காத்திருந்தார். 10 நாள் கழித்து வார்த்தை வந்தது: இந்த தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். உடனே அவர்கள், "நீ பொய் சொல்லுகிறாய்" என்றார்கள். எகிப்துக்குப் போனார்கள், எரேமியாவையும் இழுத்துக்கொண்டு.

முந்தின அதிகாரத்தின் கடைசியைப் பார்த்தால் விஷயம் புரியும். எரேமியாவிடம் வரும் முன்பே அவர்கள் எகிப்துக்குப் போகிற வழியில் பெத்லகேம் பக்கத்தில் வந்து தங்கியிருந்தார்கள். மூட்டை கட்டியாகிவிட்டது. ஆசீர்வாதம் மட்டும்தான் பாக்கி.

சிரிக்க வேண்டாம், நானும் செய்திருக்கிறேன். ஒரு வேலையை விடுவதா என்று 2 மாதம் ஜெபித்தேன். ஒருநாள் ஏதோ தேடும்போது கணினியில் ராஜினாமாக் கடிதம் கண்ணில் பட்டது. நானே தட்டச்சு செய்தது. தேதி, ஜெபிக்க ஆரம்பித்ததற்கு முந்தின வாரம்.

பிரிஸ்டலில் 1836இல் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், தேவசித்தத்தைத் தேடும்போது முதலில் செய்வது இதைத்தான் என்பார்: அந்தக் காரியத்தில் தன் மனதுக்கென்று சொந்த விருப்பம் இல்லாத நிலைக்கு வருவது. சிரமத்தில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே தீர்ந்துவிடும் என்பது அவருடைய அனுபவம். எனக்கு அந்த நிலை முழுதாகக் கிட்டியதில்லை. ஆனால் "இல்லை என்று பதில் வந்தால் என்ன செய்வாய்?" என்று என்னையே கேட்டுக்கொள்வேன். உடனே கோபம் வந்தால், நான் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

கதவு திறந்தால் அது தேவ நடத்துதல்தானே?

சில சமயம். நினிவேக்குப் போ என்ற தேவ கட்டளையை விட்டு ஓடி யோனா யோப்பாவுக்குப் போனபோது தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது. கட்டணம் கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. கதவு நன்றாகத்தான் திறந்திருந்தது.

அப்போஸ்தலர் 27இல் இதைவிட நுட்பமான காட்சி. கிரேத்தா தீவில் நல்ல துறைமுகம் என்ற இடம். பிரயாணம் ஆபத்தாகும் என்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். அப்போது தென்றல் மெதுவாக அடித்தது. தாங்கள் நினைத்தது கைகூடியது என்று எண்ணிப் புறப்பட்டார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று வந்து மோதியது. மெதுவாக அடித்த தென்றலை நாமெல்லாம் எத்தனை முறை சாட்சியாகச் சொல்லியிருப்போம்!

நேர்மாறாகவும் நடக்கும். துரோவாவில் சுவிசேஷத்துக்குக் கதவு திறந்திருந்தும், தீத்துவைக் காணாததால் தன் ஆவிக்கு அமைதலில்லை என்று சொல்லிவிட்டுப் பவுல் மக்கெதோனியாவுக்குப் போனார் (2 கொரிந்தியர் 2:12-13). எபேசுவிலோ, கதவும் திறந்திருக்கிறது, விரோதிகளும் அநேகர் என்று எழுதிவிட்டு அங்கேயே தங்கினார் (1 கொரிந்தியர் 16:8-9). கதவு ஒரு தகவல். மற்ற தகவல்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

மனதில் சமாதானம் இருந்தால் போதுமா?

இதற்குக் கொலோசெயர் 3:15ஐக் காட்டுவார்கள்: "தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது." அந்த வசனம் நின்றுவிடுவதில்லை; ஒரே சரீரமாக அழைக்கப்பட்டீர்கள் என்று தொடர்கிறது. முன்வசனங்களோ ஒருவரையொருவர் தாங்குவதையும் மன்னிப்பதையும் பற்றியவை. சபைக்குள் உறவுகளை ஆள வேண்டிய சமாதானம் அது. தனி மனிதனின் மனநிலையை அளக்கும் கருவியாக அதை மாற்றிவிட்டோம்.

கெத்செமனேயில் ஆண்டவர் வியாகுலப்பட்டார், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. ஆனாலும் அவர் பிதாவின் சித்தத்தின் நடுமையத்தில் இருந்தார். யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினார். யாருக்குச் சமாதானம் இருந்தது?

உள்ளத்தின் அமைதியை ஒதுக்கச் சொல்லவில்லை. இயல்பிலேயே கவலைப்படுகிறவர்களுக்கு எந்த முடிவிலும் நெஞ்சு படபடக்கும். அவர்கள் சமாதானம் வரும்வரை காத்திருந்தால் வாழ்நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

அடையாளம் கேட்கலாமா? கிதியோன் கேட்டாரே?

கேட்டார், 2 முறை. ஆனால் அதற்கு முன்பே தேவன் அவரோடு பேசியிருந்தார். என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. தரையில் போட்ட ஆட்டுத்தோலில் பனி பெய்யச் சொன்னது தைரியத்துக்காக. வழி தெரிந்துகொள்வதற்காக அல்ல. இன்னும் ஒரு முறை சோதிப்பதால் கோபம் மூளாதிருக்கட்டும் என்று அவரே பயந்துகொண்டுதான் கேட்டார். தேவன் அவருடைய பலவீனத்துக்கு இறங்கி வந்தார், அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை எடுப்பதும் இந்த வகைதான். தேவனால் அப்படியும் பேச முடியும். ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொள்கிறவர்கள், பிடிக்காத வசனம் வந்தால் மறுபடி திறப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சங்கீதம் 32:8இல் உன்மேல் என் கண்ணை வைத்து ஆலோசனை சொல்லுவேன் என்கிறார். அடுத்த வசனமே, கடிவாளம் போட்டு இழுக்க வேண்டிய குதிரையைப் போலவும் கோவேறு கழுதையைப் போலவும் இருக்காதே என்கிறது. கண் அசைவிலேயே புரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் பக்கத்தில் இருப்பது தான் அங்கே கேட்கப்படுகிறது. அடையாளம் கேட்டுக்கொண்டே இருப்பது, கடிவாளத்தைக் கேட்டு வாங்குவது போல.

போதகரோ ஒரு தீர்க்கதரிசியோ "கர்த்தர் இப்படிச் சொல்லுகிறார்" என்று சொன்னால் கீழ்ப்படிய வேண்டாமா?

1 தெசலோனிக்கேயர் 5:20-21 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள்.

1 இராஜாக்கள் 13இல் யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனுக்குத் தெளிவான கட்டளை இருந்தது: அங்கே அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே. ஒரு கிழவனான தீர்க்கதரிசி வந்து, தேவதூதன் தன்னோடு பேசியதாகப் பொய் சொல்லி அவனை வீட்டுக்கு அழைத்தான். போனவன் திரும்பும் வழியில் சிங்கத்தால் செத்தான். பெரியவர் சொன்னார் என்பது அவனுக்குக் கைகொடுக்கவில்லை.

அகபு சொன்னது உண்மையான தீர்க்கதரிசனம். எருசலேமில் பவுலைக் கட்டுவார்கள் என்றான். கேட்டவர்கள் அழுது, போக வேண்டாம் என்றார்கள். பவுல் போனார் (அப்போஸ்தலர் 21). செய்தி சரி, அதிலிருந்து நண்பர்கள் எடுத்த முடிவு அவருடைய அழைப்போடு பொருந்தவில்லை.

உங்களுக்கு யாராவது வார்த்தை சொன்னால் குறித்துவையுங்கள், அவசரப்படாதீர்கள். "உடனே செய்யாவிட்டால் சாபம்" என்று யாராவது மிரட்டினால், அங்கே பதற்றத்தைத்தான் விதைக்கிறார்கள்.

எதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை?

ஏற்கெனவே சொல்லப்பட்டதற்கு. மன்னிப்புக் கேட்க வேண்டுமா, கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, பசித்தவனுக்குச் சாப்பாடு போட வேண்டுமா என்பதற்கெல்லாம் உபவாச ஜெபம் வேண்டாம். கையில் வைத்துக்கொண்டே நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே என்று நீதிமொழிகள் 3:28 சொல்லிவிட்டது. செங்கடலுக்கு முன் மோசேயிடமே தேவன், "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன?" என்று கேட்டு, ஜனங்களைப் புறப்படச் சொன்னார் (யாத்திராகமம் 14:15).

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் அடி உதை வாங்கிக்கொண்டு, கர்த்தர் வழி காட்டட்டும் என்று காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது ஜெபிக்க உட்காரவில்லை, விலகி ஓடினார். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். உதவி கேளுங்கள். நோய்க்கு மருத்துவரைப் பார்ப்பதும் இதே கணக்குதான்.

திருமணத்துக்கு "கர்த்தர் குறித்த அந்த ஒருவர்" யார் என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டுமா?

கணவனை இழந்த பெண்ணைப் பற்றிப் பவுல் எழுதுகிறார்: தனக்கு இஷ்டமானவனை விவாகம்பண்ண அவளுக்கு விடுதலை உண்டு, ஆகிலும் கர்த்தருக்குட்பட்டவனாக இருக்க வேண்டும் (1 கொரிந்தியர் 7:39). இதில் எல்லையும் இருக்கிறது, விடுதலையும் இருக்கிறது. எல்லைக்குள் ஞானமாகத் தெரிந்தெடுங்கள். ஞானம் குறைந்தால் கேட்கச் சொல்லி யாக்கோபு 1:5 இருக்கிறது.

பதிலே வரவில்லை. கெடு தேதி வந்துவிட்டது. என்ன செய்வது?

உங்களுக்குத் தெரிந்த வெளிச்சத்தில் நடங்கள். வேதம் தடுக்காதது, உங்களை நன்றாக அறிந்த இரண்டு மூன்று பேர் நல்லது என்று நினைப்பது, உங்கள் பொறுப்புகளைக் கைவிடாதது எதுவோ அதைச் செய்யுங்கள். பவுலும் நண்பர்களும் ஆசியாவில் பேச முயன்றார்கள், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், தடை. நடந்துகொண்டே இருந்து துரோவாவுக்கு வந்தபின்தான் மக்கெதோனியத் தரிசனம் (அப்போஸ்தலர் 16:6-10). அங்கேயும், தரிசனத்தைப் பார்த்தவர் பவுல். அதன் பொருளை எல்லோரும் சேர்ந்து நிச்சயித்துக்கொண்டார்கள். தவறான திசையில் அடியெடுத்தால் தடுக்க அவருக்குத் தெரியும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் கொடுத்த அறிவுரை: மனம் வறண்டு இருண்டு கிடக்கிற காலத்தில், முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் அழுதுகொண்டே எடுத்த முடிவுகளில் எனக்கு நிலைத்தது ஒன்றுமில்லை.

பதில் வந்தது. ஆனால் அது "இல்லை". இனி?

தாவீதுக்கு வந்த பதில் அதுதான். கர்த்தருக்கு ஆலயம் கட்ட ஆசைப்பட்டார். நாத்தான் தீர்க்கதரிசியும், உம்முடைய இருதயத்தில் உள்ளதைச் செய்யும் என்று சொல்லிவிட்டார். அன்று இராத்திரியே கர்த்தருடைய வார்த்தை நாத்தானுக்கு வந்தது (2 சாமுவேல் 7). காலையில் தன் பேச்சைத் தானே திருத்திக்கொண்டு அரண்மனைக்குப் போன நாத்தானையும் நினைத்துப் பாருங்கள். அதற்கும் ஒரு தாழ்மை வேண்டும்.

தாவீது கர்த்தருக்கு முன்பாகப் போய் உட்கார்ந்தார் என்று எழுதியிருக்கிறது. வாதாடவில்லை, நன்றி சொன்னார். அப்புறம், தன் கையால் கட்டப் போவதில்லை என்று தெரிந்த ஆலயத்துக்காகப் பொருள் சேர்க்க ஆரம்பித்தார். 1 நாளாகமம் 22இல் பட்டியல் இருக்கிறது: வெட்டின கற்கள், கேதுரு மரங்கள், நிறுத்து முடியாத வெண்கலம், கதவுகளின் ஆணிகளுக்காக ஏராளமான இரும்பு.